டியூக்ஸ் மயோனைஸ்: திராட்சையும் பீக்கனும் போட்ட சிக்கன் சாலடுக்கு இதுதான் என் ஓட்டு

சிக்கன் சாலட் சரியாக வரவில்லை என்று சொல்கிறவர்கள் எல்லாரும் சிக்கனைத்தான் குறை சொல்கிறார்கள். வறண்டு போச்சு, சப்பென்று இருக்கு, பழத்தைப் போட்டதால கெட்டுப் போச்சு என்று. எனக்கென்னவோ முக்கால்வாசி நேரம் தப்பு மயோனைஸில் இருப்பதாகத்தான் தோன்றுகிறது. இந்த சாலடில் சமைப்பது என்று பெரிதாக எதுவும் கிடையாது. வெந்த சிக்கன், பழம், கொட்டை, செலரி என்கிற நறுக்கென்ற தண்டு, இதையெல்லாம் ஒன்றாகப் பிடித்து வைப்பது அந்த மயோனைஸ் ஒன்றுதான், அது சொதப்பினால் மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தும் பிரயோஜனமில்லை. அதனால் கீழே எழுதியிருப்பது பாதிக்கு மேல் சமையல் குறிப்பு மாதிரி தெரிந்தாலும் உண்மையில் இது ஒரு ஜாடிக்கான விமர்சனம். மஞ்சள் மூடி போட்ட டியூக்ஸ் மயோனைஸ்.

ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சிக்கன் சாலட் என்றால் இலைதழை மேல் நாலு துண்டு சிக்கனை வைத்துக் கொடுப்பது இல்லை. வேகவைத்த சிக்கனைப் பிய்த்து, மயோனைஸில் பிசறி, ஃபிரிட்ஜில் குளிரவைத்து, பிரெட்டுக்கு நடுவிலோ பிஸ்கட் மாதிரி இருக்கும் உப்பு கிராக்கர் மேலோ வைத்துச் சாப்பிடுவது. நான் இருப்பது வட கரோலினாவில், இந்தப் பக்கம் தென் மாநிலங்களில் சர்ச் மதிய உணவு, வளைகாப்பு மாதிரி அவர்கள் வைக்கும் பேபி ஷவர், துக்க வீட்டுக்கு எடுத்துப்போகும் சாப்பாடு, எல்லாவற்றிலும் இது இருக்கும். 2008-இல் அலபாமாவின் ஆபர்ன் ஊரில் தொடங்கிய சிக்கன் சாலட் சிக் என்று ஒரு உணவகச் சங்கிலி, பெயரிலேயே தெரிகிறதே, முழுக்க முழுக்க இதை நம்பித்தான் ஓடுகிறது. அதில் ஒரு வகையில் ஆப்பிளும் திராட்சையும் பீக்கனும் (வால்நட்டுக்கு உறவான ஒரு கொட்டை) வரும், பெண்கள் பெயர் வைத்துத்தான் ஒவ்வொன்றையும் விற்கிறார்கள். ஹோல் ஃபுட்ஸ் கடையின் சோனோமா சிக்கன் சாலட் இன்னொரு பிரபலம். திராட்சை, பீக்கன், கசகசா, கொஞ்சம் தேன்.

பழத்தையும் மயோனைஸையும் சேர்ப்பது புதுசு ஒன்றும் இல்லை. நியூயார்க்கின் வால்டார்ஃப் ஹோட்டலில் பிறந்த வால்டார்ஃப் சாலட் 1890களைச் சேர்ந்தது, அந்த ஹோட்டலின் ஆஸ்கர் சிர்க்கி 1896-இல் எழுதிவைத்த குறிப்பில் ஆப்பிள், செலரி, மயோனைஸ் மூன்றே மூன்றுதான். வால்நட் எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அதில் சிக்கனைப் போட்டால் கிட்டத்தட்ட நம் கதைக்கு வந்துவிடலாம்.

சரி, ஏன் டியூக்ஸ்? சர்க்கரை இல்லை, அதுதான் காரணம். அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் பிரபலமான மயோனைஸ்களில் பெரும்பாலானவற்றில் கொஞ்சமாவது சர்க்கரை இருக்கும், லேபிளைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். வெறும் தக்காளி சாண்ட்விச்சுக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் திராட்சை, ஆப்பிள், காய்ந்த க்ரான்பெர்ரி (அதிலேயே சர்க்கரை தோய்த்துத்தான் விற்கிறார்கள்) என்று ஏற்கெனவே இனிப்பு மூன்று பக்கமும் நிற்கிற சாலடில் மயோனைஸும் சேர்ந்து இனித்தால் நாலாவது வாயில் திகட்டிவிடும். அப்புறம் அதைச் சரிசெய்ய எலுமிச்சையைப் பிழிவோம், அது பத்தவில்லை என்று உப்பைப் போடுவோம், கடைசியில் எதன் ருசியும் தெரியாது. டியூக்ஸில் அந்தத் தொல்லை கிடையாது. இரண்டு வகை வினிகர் போடுகிறார்கள், வெள்ளை வினிகரும் ஆப்பிள் சைடர் வினிகரும், அந்தப் புளிப்பு முன்னால் நிற்கும். தயிர்சாதத்துக்கு மாவடு செய்கிற வேலையை இந்த சாலடில் பழத்துக்கு அந்தப் புளிப்பு செய்கிறது. திராட்சையைக் கடிக்கும்போது அதன் இனிப்பு தனியாகத் தெரியும், சுற்றி இருப்பது உப்பும் புளிப்புமாக இருப்பதால்.

லேபிளில் இருப்பது சோயா எண்ணெய், முட்டை, தண்ணீர், வினிகர், உப்பு, நிறத்துக்காக மிளகாய் வகையான பாப்ரிக்காவின் சாறு, கொஞ்சம் வாசனைப் பொருள், எண்ணெய் கெடாமல் இருக்க ஒரு ரசாயனம். சோயா எண்ணெய் பிடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு அதில் பெரிய புகார் இல்லை, அமெரிக்க மயோனைஸ் எல்லாமே ஏறத்தாழ அப்படித்தான், சட்டப்படியே எடையில் குறைந்தது 65 சதவீதம் தாவர எண்ணெய் இருந்தால்தான் அதை மயோனைஸ் என்று விற்க முடியும். ஒரு மேசைக்கரண்டிக்கு ஏறக்குறைய 100 கலோரி. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு சாலட் என்ற பெயரை நம்பி டயட் என்று நினைத்துச் சாப்பிடுகிறவர்கள் எங்கள் ஆபீஸிலேயே இருக்கிறார்கள், பாவம்.

கம்பெனி கதை கொஞ்சம் நல்ல கதை, அதனால் சொல்கிறேன். யூஜினியா டியூக் என்ற அம்மா, தென் கரோலினாவின் கிரீன்வில் ஊர்க்காரர். முதல் உலகப் போர் நேரத்தில், 1917-இல், அங்கே பக்கத்தில் இருந்த கேம்ப் செவியர் ராணுவ முகாம் சிப்பாய்களுக்கு சாண்ட்விச் செய்து விற்கத் தொடங்கினார். ஆளுக்கு ஆள் சாண்ட்விச்சைவிட உள்ளே தடவியிருந்த மயோனைஸைப் பற்றித்தான் பேசினார்கள், அதனால் பிறகு அதை மட்டும் பாட்டிலில் அடைத்து விற்க ஆரம்பித்தார். 1929-இல் ரிச்மண்டில் இருந்த சவர் கம்பெனி வாங்கிக்கொண்டது. பெண்களுக்கு ஓட்டுரிமையே இல்லாத காலத்தில் தொடங்கிய வியாபாரம், இன்றைக்கும் அவர் பெயரில்தான் ஓடுகிறது. இப்போது 2020-இலிருந்து சார்லட் நகரத்தில் நடக்கும் ஒரு கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் போட்டிக்கே டியூக்ஸ் மயோ பௌல் என்று பெயர், ஜெயிக்கிற அணியின் கோச் தலையில் ஒரு வாளி மயோனைஸைக் கொட்டுவார்கள். 2021 டிசம்பரில் தென் கரோலினா கோச் ஷேன் பீமர் தலையில் கொட்டியதை டிவியில் பார்த்த என் மனைவி அன்றைக்கு முழுக்க ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கவில்லை.

இந்த இடத்தில் முட்டை விஷயத்தையும் பேசிவிட வேண்டும், ஊரில் இருந்து யாராவது கண்டிப்பாகக் கேட்பீர்கள். தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 8 முதல் பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் ஒரு வருடத்துக்குத் தடை போட்டார்கள், கேரளாவும் தெலங்கானாவும் அதற்கு முன்பே போட்டுவிட்டன. காரணம் சால்மோனெல்லா மாதிரியான கிருமிகள். ஷவர்மா கடை வாசலில் வெயிலில் திறந்துவைத்த டப்பாவைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தடையில் ஆச்சரியம் இருந்திருக்காது. ஆனால் அமெரிக்காவில் தொழிற்சாலையில் அடைத்து வரும் ஜாடி வேறு ரகம். முட்டையைக் கிருமி சாகிற அளவு பதமாகச் சூடாக்கிப் பதப்படுத்தித்தான் பயன்படுத்துவார்கள், போதாக்குறைக்கு வினிகரின் அமிலமும் இருக்கிறது. சிக்கன் சாலடில் வயிற்றைக் கெடுப்பது பெரும்பாலும் மயோனைஸ் இல்லை, வெளியே ரொம்ப நேரம் கிடந்த சிக்கன்தான். அமெரிக்க விவசாயத் துறை சொல்வது, 4 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே, 32 டிகிரியைத் தாண்டிய வெயிலில் ஒரு மணி நேரம்தான். சென்னை, மதுரை, திருச்சி ஆட்கள் அந்த ஒரு மணி நேரக் கணக்கையே வருடம் பூராவும் வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது செய்முறை. நாலு கப் பிய்த்த சிக்கன் என்று வைத்துக்கொள்வோம். சோம்பேறி வழி, கடையில் சுழலும் கம்பியில் வாட்டிய முழுக்கோழி ஒன்றை வாங்குவது, காஸ்ட்கோவில் பல வருடங்களாக 4.99 டாலருக்கே கிடைக்கிறது, ஒரு கோழியில் ஏறத்தாழ அந்த நாலு கப் வந்துவிடும். சூடு கொஞ்சம் இருக்கும்போதே எலும்பிலிருந்து பிய்த்துவிடுங்கள், ஆறின பிறகு கஷ்டம். தோலை எடுத்துவிடுங்கள், குளிர்ந்தால் வழவழவென்று வாயில் மாட்டும். அதில் ஏற்கெனவே உப்பு ஏறியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம், கடைசியில் ருசி பார்த்துவிட்டுத்தான் உப்பைத் தொட வேண்டும்.

சோம்பேறித்தனம் இல்லாத நாளில் நான் நெஞ்சுக்கறியோடு தொடைக்கறியையும் கலந்து வேகவைப்பேன். வெறும் நெஞ்சுக்கறி மட்டும் என்றால் சக்கை. பச்சைத் தண்ணீரில் உப்பு, நாலு மிளகு, ஒரு பிரிஞ்சி இலை, சிக்கனையும் அப்போதே போட்டு மெதுவாகச் சூடேற்ற வேண்டும். தளதளவென்று கொதிக்க விட்டால் நார் இறுகி ரப்பர் ஆகிவிடும். ஓரத்தில் குமிழ் வந்து லேசாக அசைகிற மாதிரி இருக்கும்போது தீயைத் தணித்து மூடிவிட்டால் துண்டின் கனத்தைப் பொறுத்து கால் மணி நேரம், கொஞ்சம் கூட ஆகலாம். வெப்பமானி இருந்தால் நடுவில் 74 டிகிரி காட்ட வேண்டும், அது இல்லாதவர்கள் ஒரு துண்டை நடுவில் கீறி உள்ளே ரோஸ் நிறம் இல்லை, சாறு தெளிவாக வருகிறது என்று பார்த்துக்கொள்ளலாம், என்றாலும் ஒரு வெப்பமானி வாங்கிவிடுங்கள், சண்டையே இருக்காது. குக்கரில் விசில் வைக்கிறவர்களை நான் தடுக்க மாட்டேன், ஆனால் அது குழம்புக்குச் சரி, இதற்கு இல்லை.

அப்புறம் ஆறவிடுவது. இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். மயோனைஸ் என்பது எண்ணெயை நுணுக்கமான துளிகளாக உடைத்து, முட்டையின் மஞ்சள் கருவில் இருக்கும் லெசித்தின் துணையோடு தண்ணீரில் மிதக்க வைத்திருக்கிற ஒன்று. சூடான சிக்கன் மேல் போட்டால் அந்தக் கட்டு விட்டுப்போய் எண்ணெய் தனியாகப் பிரிந்து கிண்ணத்தின் அடியில் மினுமினுக்கும். சிக்கன் ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், வெறுமனே ஆறியிருந்தால் போதாது.

பழத்தில் கவனிக்க வேண்டியது தண்ணீர். விதையில்லாத சிவப்புத் திராட்சைதான் என் விருப்பம், நீளவாக்கில் இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி டிஷ்யூ பேப்பர் மேல் பத்து நிமிடம் கவிழ்த்து வைத்தால் மேலே இருக்கும் சாறு இறங்கிவிடும். ஒன்றரை கப் போதும். ஆப்பிள் என்றால் புளிப்பான பச்சை ஆப்பிள், வெட்டிய உடனே எலுமிச்சைச் சாற்றில் புரட்டாவிட்டால் பழுப்பு நிறமாகிவிடும். மாதுளை முத்துகள் அருமையாக வரும், தண்ணீர் விடுவதில்லை, கடித்தால்தான் வெடிக்கும். மாம்பழம் போடலாம், கொஞ்சம் கெட்டியாக இருக்கும் பருவத்தில். பச்சை அன்னாசி மட்டும் வேண்டாம், அதில் இருக்கும் புரோமிலேன் என்ற நொதி இறைச்சியின் புரதத்தை உடைத்துக்கொண்டே இருக்கும், ராத்திரி செய்து வைத்தால் காலையில் சிக்கன் குழைந்து கூழாகியிருக்கும். டின்னில் வரும் அன்னாசி சூடாக்கப்பட்டது, அந்த நொதி செத்துப்போயிருக்கும், அதனால் அது பரவாயில்லை, ஆனால் சர்க்கரைப் பாகை வடித்துவிடுங்கள்.

செலரி ஒரு கப், பொடியாக. செலரி கிடைக்காத ஊரில் வெள்ளரிக்காயைப் போடலாமா என்று கேட்பார்கள். அதுவும் தண்ணீர் விடும். விதையை வழித்து எடுத்துவிட்டு, உப்புப் போட்டுப் பிழிந்துவிட்டுப் போட்டால் ஒப்பேற்றலாம். எனக்கு நூல்கோல் இதைவிடப் பிடிக்கும், நறுக்கென்று இருக்கும், வாசனையும் தொந்தரவு செய்யாது.

கொட்டைக்கு வருவோம். பீக்கன் இந்த மண்ணின் கொட்டை, ஜார்ஜியாவில் தோட்டம் தோட்டமாக இருக்கிறது, இந்த சாலடில் அது உட்காருகிற மாதிரி வேறு எதுவும் உட்காருவதில்லை. வால்நட்டின் தோலில் ஒரு கசப்பு உண்டு, ஆப்பிள் போட்ட சாலடில் அது நன்றாகவே இருக்கும், திராட்சையோடு சேராது. முந்திரி இரண்டு மணி நேரத்தில் ஊறி மெத்தென்றாகிவிடும். வேர்க்கடலை போட்டால் அது வேறு பண்டம், இங்கே பேச வேண்டாம். எதைப் போட்டாலும் வறுத்துப் போடுங்கள். 175 டிகிரி ஓவனில் ஏழெட்டு நிமிடம், ஓவன் இல்லையென்றால் வாணலியில் சின்னத் தீயில் எண்ணெய் இல்லாமல், வாசனை மூக்கில் ஏறின உடனே இறக்கி வேறு தட்டில் கொட்டிவிட வேண்டும், சட்டியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகும். பீக்கனில் எண்ணெய் அதிகம், வெளியே வைத்தால் சீக்கிரம் காறல் வாடை வந்துவிடும், மீதியை ஃப்ரீஸரில் போட்டு வையுங்கள். காறிப்போன ஒரே ஒரு கொட்டை வாயில் மாட்டினால் போதும், மொத்தக் கிண்ணத்தின் மேலும் சந்தேகம் வந்துவிடும்.

கலப்பது எளிது. முக்கால் கப் டியூக்ஸ், ஒரு தேக்கரண்டி கடுகு பேஸ்ட் (டிஜான் வகை), ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி. முதலில் இதைத் தனியாகக் கலந்துகொண்டு, அதில் சிக்கனையும் செலரியையும் போட்டுப் பிசறி ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்கள். சிக்கன் உறிஞ்சிக்கொள்ளும், எடுத்துப் பார்த்தால் காய்ந்த மாதிரி தெரியும், அப்போது இன்னும் இரண்டு மூன்று கரண்டி சேர்க்கலாம். எடுத்த எடுப்பிலேயே ஒரு கப்புக்கு மேல் கொட்டுகிறவர்கள் இந்த உறிஞ்சும் கணக்கைப் பார்ப்பதில்லை. திராட்சையைப் பரிமாறுவதற்குக் கொஞ்சம் முன்னால், பீக்கனை கடைசி நிமிடத்தில்.

இந்த இடத்தில்தான் டியூக்ஸ் மேல் எனக்கு மரியாதை கூடியது. கெட்டியாக இருக்கும், கரண்டியில் எடுத்தால் நிற்கும், திராட்சை கொஞ்சம் சாறு விட்டாலும் சட்டென்று நீர்த்து ஓடுவதில்லை. மறுநாள் மதியம் டப்பாவைத் திறந்தாலும் சிக்கனைச் சுற்றி அது ஒட்டிக்கொண்டேதான் இருக்கிறது. கலோரிக்குப் பயந்து பாதிக்குப் பாதி தயிர் போடுகிறவர்கள், கெட்டியான கிரேக்கத் தயிர் என்றாலும் சரி, துணியில் கட்டித் தொங்கவிட்ட நம் தயிர் என்றாலும் சரி, அன்றைக்கே சாப்பிட்டு முடிப்பதாக இருந்தால் மட்டும் போடுங்கள். ராத்திரி தாண்டினால் அடியில் மோர் நிற்கும். நான் கால் பங்கு தயிர் வரைக்கும் ஒத்துக்கொள்வேன், அதற்கு மேல் அது வேறு சாலட்.

மற்ற மயோனைஸ்களோடு ஒப்பிடாமல் விட்டால் சண்டைக்கு வருவீர்கள். ஹெல்மன்ஸ் நல்ல மயோனைஸ், ராக்கி மலைகளுக்கு மேற்கே பெஸ்ட் ஃபுட்ஸ் என்ற பெயரில் விற்பது அதேதான், நாட்டில் பாதிப் பேர் அதில்தான் சத்தியம் பண்ணுவார்கள். கொஞ்சம் சர்க்கரை உண்டு, பழம் இல்லாத சிக்கன் சாலடுக்கு நான் அதைத் தடையில்லாமல் எடுப்பேன். ஜப்பானின் கியூபி மஞ்சள் கருவை மட்டும் வைத்துச் செய்வது, ருசி ஆழமாக இருக்கும், ஆனால் அந்த ஆழமே இங்கே இடைஞ்சல், பழத்தை அமுக்கிவிடுகிறது. அது முட்டை சாண்ட்விச்சுக்கு ராஜா. மிராக்கிள் விப் 1933-இலிருந்து இருக்கிறது, இனிப்பு, மயோனைஸ் என்ற பெயருக்குச் சட்டப்படி தகுதியும் கிடையாது. அதில் சிக்கன் சாலட் செய்கிற பாட்டிகள் இருக்கிறார்கள், அவர்களோடு வாதாட நான் தயாரில்லை. ஊரில் கிடைக்கும் முட்டையில்லாத மயோனைஸ்களில் பலவும் பால்பொடி, சர்க்கரை, கெட்டிப்படுத்தும் மாவு என்று போகும், மோமோவுக்கும் பிரெஞ்சு ஃபிரைஸுக்கும் தொட்டுக்கொள்ள அது போதும், இதற்கு அதை எடுத்தால் எலுமிச்சையையும் கடுகையும் இரண்டு மடங்கு ஆக்கி, பழத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். புளிப்பான மாதுளை போட்டால் இன்னும் சமாளிக்கலாம்.

கடையில் டப்பாவில் அடைத்து விற்கும் பழம் போட்ட சிக்கன் சாலடை வாங்கிவிட்டால் என்ன, எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டால், எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடை ஒன்றில் வாங்குவேன் முன்பெல்லாம். முதல் நாள் பரவாயில்லை. இரண்டாம் நாள் அடியில் ஒரு குட்டை, பீக்கன் ஈரப் பலகை, அதற்கு விலை பவுண்டுக்கு நான் வீட்டில் செய்வதைப்போல் இரண்டு மடங்கு. சிக்கனையும் யந்திரத்தில் போட்டு அரைத்திருப்பார்கள் போல, பல்லுக்கு வேலையே இல்லை. கையால் பிய்த்ததில் பெரிதும் சிறிதுமாகத் துண்டு இருப்பதுதான் சுகம்.

என் மாமியார் மதுரையிலிருந்து வந்திருந்தபோது இதைப் பார்த்துவிட்டு, "என்ன மாப்பிள்ளை, கோழியில போய் திராட்சையப் போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். அவர் மரியாதைக்கு ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, நேராகப் போய் ஒரு பச்சை மிளகாயைப் பொடியாக நறுக்கிக்கொண்டு வந்து கலந்து, சப்பாத்தியில் சுருட்டிக்கொண்டார். அதிலிருந்து எங்கள் வீட்டில் பச்சை மிளகாய் நிரந்தரம். கொஞ்சம் கொத்தமல்லித் தழையும். டியூக்ஸின் வினிகர் புளிப்போடு பச்சை மிளகாய் சேரும்போது கிட்டத்தட்ட ஊறுகாய் மிளகாயின் காரம் வருகிறது, இனிப்பான மயோனைஸில் இது நடக்காது.

மசாலா வாசனை இல்லாமல் இறங்காது என்கிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 1953-இல் இரண்டாம் எலிசபெத் முடிசூட்டு விழா விருந்துக்காக லண்டனில் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரையும் ரோஸ்மேரி ஹியூமும் உருவாக்கிய கொரோனேஷன் சிக்கன். ஆறிய சிக்கன், கறிப்பொடி, ஆப்ரிகாட் விழுது, மயோனைஸ், கிரீம். இன்றைக்கு இங்கிலாந்துக் கடைகளில் அதில் உலர்திராட்சையும் பாதாம் சீவலும் மாங்காய்ச் சட்னியும் சேர்ந்துவிட்டன. டியூக்ஸில் இதைச் செய்யலாம், நன்றாகவே வரும், ஒரே ஒரு விஷயம், கறிப்பொடியைப் பச்சையாகத் தூவாமல் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் வெங்காயத்தோடு வதக்கி ஆறவைத்துவிட்டுக் கலக்க வேண்டும். பச்சைப் பொடி வாசனை நமக்கு உடனே தெரிந்துவிடும், வெள்ளைக்காரர்களுக்குத் தெரிவதில்லை.

குறை என்று பார்த்தால், அப்படியே தொட்டுச் சாப்பிட இந்த மயோனைஸ் கொஞ்சம் காட்டமாக இருக்கும். பிள்ளைகள் சிப்ஸுக்குத் தொட்டுக்கொள்ளக் கேட்டால் எங்கள் வீட்டில் வேறு ஒன்று தனியாக இருக்கிறது. இனிப்பு மயோனைஸிலேயே வளர்ந்தவர்களுக்கு முதல் தடவை "என்ன இது, புளிச்சுப் போச்சா?" என்று தோன்றும், இரண்டாவது ஜாடியில் பழகிவிடும். நிறம் தூய வெள்ளை இல்லை, லேசான மஞ்சள், அது பாப்ரிக்கா சாறு. கிடைப்பது இடத்தைப் பொறுத்தது. வர்ஜீனியா, கரோலினாக்கள், ஜார்ஜியா பக்கம் எந்தக் கடையிலும் அடுக்கி வைத்திருப்பார்கள், மற்ற மாநிலங்களில் இப்போது பரவியிருக்கிறது என்றாலும் இரண்டு கடை ஏறி இறங்க வேண்டி வரலாம். அமெரிக்காவுக்கு வெளியே இருந்துகொண்டு இரண்டு மடங்கு மூன்று மடங்கு விலை கொடுத்து இணையத்தில் வரவழைக்கும் அளவுக்கு நான் சொல்ல மாட்டேன். உங்கள் ஊரில் கிடைக்கும் முட்டை மயோனைஸில் சர்க்கரை கடைசி வரிசையில் இருக்கிற ஒன்றைத் தேடி, ஒரு தேக்கரண்டி ஆப்பிள் சைடர் வினிகரைக் கலந்துகொண்டால் பக்கத்தில் வந்துவிடலாம்.

செய்துவைத்ததை மூன்று நாள், மிஞ்சினால் நாலு நாள் ஃபிரிட்ஜில் வைக்கலாம். ஃப்ரீஸரில் வைக்கவே கூடாது, உருகும்போது மயோனைஸ் பிரிந்து திரித்திரியாகிவிடும். ஆபீஸுக்குக் கட்டுகிறவர்கள் பீக்கனைத் தனிப் பொட்டலத்தில் எடுத்துப் போங்கள், பிரெட்டையும் அங்கே போய்த்தான் அடுக்க வேண்டும், காலையிலேயே அடுக்கிவிட்டால் மதியம் அது பிரெட் இல்லை.

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள், அதே மஞ்சள் மூடிக் குடும்பத்தில் லைட் என்று ஒன்றும் பக்கத்திலேயே நிற்கும். லைட் மயோனைஸ் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் எண்ணெயைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டியதுதான், பழம் விடுகிற நீரும் அதோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அசல் ஜாடியை எடுங்கள். முதல் தடவை என்றால் சின்ன ஜாடி போதும், இந்த அளவு சாலடை இரண்டு முறை செய்யலாம், பிடித்திருந்தால் 30 அவுன்ஸ் ஜாடிக்குப் போய்க்கொள்ளலாம்.